இன்ஜினை எதுவரை பிரிப்பது

பர்மாவில் ஓடும் ஜப்பானிய லாரிகளின் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை வைத்து இன்ஜின் வேலையைத் தீர்மானிக்க முடியாது. ஜப்பானில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த வண்டி கப்பலேறி ரங்கூனில் இறங்கி, இரண்டு மூன்று கை மாறி நம்மிடம் வந்து சேர்வதற்குள் மீட்டர் கேபிள் அறுந்து கிடந்திருக்கலாம், மீட்டரே மாற்றப்பட்டிருக்கலாம், யாராவது வேண்டுமென்றே எண்ணைக் குறைத்தும் இருக்கலாம். எண் உண்மையானதாகவே இருந்தாலும் அது சொல்வது கொஞ்சம்தான். சீரான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடிய ஐந்து லட்சம் கிலோமீட்டரும், அறுவடைக் காலப் புழுதியில் வயல் பாதைகளிலிருந்து மூட்டை ஏற்றி வந்த ஒரு லட்சம் கிலோமீட்டரும் இன்ஜினுக்குள் விட்டுச் செல்லும் தேய்மானம் ஒன்றல்ல. ஆகவே ‘இவ்வளவு ஓடிவிட்டது, முழுவதும் பிரித்துவிடலாம்’ என்பதும், ‘ஸ்டார்ட் ஆகிறதே, பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதும்’ என்பதும் எனக்கு ஒரே வகையான பேச்சாகத்தான் தோன்றுகின்றன. இரண்டுமே அளந்து பார்ப்பதற்கு முன்பே சொல்லப்படுபவை.

எங்கள் குடும்பத்து லாரி ஃபூசோ ஃபைட்டர். நாங்கள் இருப்பது பெகுவில். சுற்றுவட்டாரத்து உளுந்தையும் பாசிப்பயறையும் ஏற்றிக்கொண்டு போய், 50 மைலுக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் ரங்கூனின் பயின்நவுங் மொத்தச் சந்தையில் இறக்குவதே அதன் முக்கிய வேலை. இடையிடையே சித்தாங் ஆற்றைக் கடந்து தாட்டோன், மோல்மேன் பக்கமும் போய்வரும். இன்ஜின் 6டி16. வரிசையாக ஆறு சிலிண்டர், 118 மி.மீ. விட்டம், 115 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 7,545 சி.சி.; எங்களுடையதில் டர்போவும் இல்லை, எலக்ட்ரானிக் பெட்டியும் இல்லை. கம்ப்யூட்டரை மாட்டாமல், ஸ்பேனரும் அளவுக் கருவிகளும் வைத்தே புரிந்துகொள்ளக்கூடிய இன்ஜின் என்பதால்தான் இந்த நாட்டில் அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

அந்த இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கியது. இன்ஜினுக்குள் கசியும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாயிலிருந்து விடாமல் புகை வந்தது. பாரம் ஏற்றினால் இழுவை இல்லை. இழுவைக் குறைவை இங்கே சிறிய குறையாகக் கருத முடியாது. 1970-இல் இந்த நாடு போக்குவரத்தைச் சாலையின் வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைத் தாண்ட நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது; இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் உதவியாளான ஸ்பேர் பையன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் ‘போகலாம்’ என்று சொன்ன பிறகு இன்ஜின் தயங்கினால், அந்தத் தயக்கம் முழுவதும் எதிர்த்தடத்தில்தான் கழியும்.

பட்டறையில் நாங்கள் எல்லோரும் சயா என்று அழைக்கும் மேஸ்திரி, இன்ஜினைத் திறப்பதற்கு முன் வெளியே இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்கச் சொன்னார். இது நிதானமான ஆள் செய்யும் வேலை. பல பட்டறைகளில் இதற்குப் பொறுமை இருப்பதில்லை. இழுவை குறைவதற்கு அடைத்துப்போன ஏர் ஃபில்டரோ டீசல் ஃபில்டரோ போதும். கரும்புகைக்கு இன்ஜெக்டர் நாசில் சொட்டுவது போதும். ஆயில் குறைவதற்கு வால்வு சீல் காய்ந்து போயிருக்கலாம். பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்து ஆயிலைக் காற்றுத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டிருக்கலாம். தொட்டியின் அடித் திருகைத் திறந்தால் தண்ணீரோடு ஆயில் கொட்டுகிறதா என்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் ஏற்றியதில் இரண்டு நாசில்கள் சொட்டின; மாற்றினோம். புகையின் கறுப்பு குறைந்தது. ஆயில் குறைவதும் ப்ரீதர் புகையும் அப்படியே இருந்தன. அப்போதுதான் பேச்சு சிலிண்டருக்குள் நுழைந்தது.

கம்ப்ரஷன் கேஜ் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எண்ணைத் தரும். எது தாழ்ந்திருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. பெட்ரோல் வண்டிகளில் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து, எண் கூடினால் ரிங்கில் குறை என்று சொல்லும் பழக்கம் உண்டு. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி ஊசிப்பு இன்ஜினில் அதை நம்பக் கூடாது. பிஸ்டன் தலையில் இருக்கும் குழியில் ஆயில் தேங்கி, எரிகலனின் இடத்தையே குறைத்துவிடும். ரிங் எப்படி இருந்தாலும் எண் ஏறும். அளவு மிஞ்சினால் அமுங்காத அந்த ஆயிலே கனெக்டிங் ராடை வளைத்தும்விடும்.

காரணத்தைச் சொல்வது காற்றுக் கசிவுச் சோதனை. இன்ஜெக்டர் கழற்றிய துளையில் அடாப்டர் மாட்டி, அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, ஃப்ளைவீல் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, உள்ளே காற்றை விடுகிறார்கள். பிறகு காதுக்குத்தான் வேலை. சைலன்ஸர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளிழுக்கும் குழாயில் சீறினால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி எழும்பினால் கேஸ்கட் அல்லது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் விரிசல். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கும், பிஸ்டன் ஓடும் உள்ளுறையான லைனரும். எங்கள் ஓட்டுநர் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தவர், மூன்றாவது சிலிண்டருக்கு வந்தபோதே நிமிர்ந்துவிட்டார். ஆறிலும் அதே சீறல். ஒன்றில் மட்டும் சைலன்ஸர் பக்கமும் லேசாகக் கேட்டது. ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் அந்த ஒன்றுக்கு நேர்ந்த விபத்து எது என்று தேடலாம். ஆறும் ஒருசேரத் தேய்ந்திருந்தால் ஆறுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். ஆறுக்கும் பொதுவானவை முக்கியமாகக் காற்று, ஆயில், தண்ணீர்.

ஹெட்டைக் கழற்றிய பிறகு லைனரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை வைத்து மேலே இழுத்தால் ஒரு படி தட்டுப்பட்டது. மேல் ரிங் திரும்பும் இடம் அது. எரிப்பின் அழுத்தமும் சூடும் அங்கேதான் உச்சத்தில் இருக்கும். பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலமும் அங்கேதான் மிக மெல்லியதாக இருக்கும். எல்லா இன்ஜினும் அங்கே தேயும். எவ்வளவு என்பதே கேள்வி. மைக்ரோமீட்டரில் சரிபார்த்த போர் கேஜை இறக்கி, அந்த இடத்திலும் நடுவிலும் அடியிலும், கிராங்குக்கு (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுக்கு) இணையாகவும் குறுக்காகவும் அளந்தார் சயா. அடியில் கிட்டத்தட்டப் புது அளவு. மேலே 0.2 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தது.

0.2 மி.மீ. என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் வட்டத்தின் விட்டம் கூடும்போது சுற்றளவு அதைப்போல மூன்றே கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். விட்டம் 0.10 மி.மீ. தேய்ந்தால் ரிங்கின் வாய் இடைவெளி 0.31 மி.மீ. விரியும், 0.20 தேய்ந்தால் 0.63. புது ரிங் வாங்கி, அடிப்பகுதியில் வைத்து ஃபீலர் கேஜால் பார்த்து ‘அளவு சரி’ என்று மாட்டினால், அது மேலே போகும்போது வாயைப் பிளக்கும், கீழே வரும்போது மூடும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் இப்படி விரிந்து சுருங்கும் ரிங் தன் பள்ளத்தையும் சேர்த்துத் தேய்க்கும். பழைய ரிங் பழைய படிக்குப் பழகியிருக்கும். கூரான விளிம்புள்ள புது ரிங் அந்தப் படியில் முட்டி உடையவும் கூடும். ரிங் செட் மட்டும் மாற்றும் வேலைக்கு எங்கள் ஊரில் இன்னும் கிராக்கி இருக்கிறது, விலை குறைவு என்பதால். லைனரில் படி இல்லாதபோது, ரிங் ஒட்டிக்கொண்டதாலோ லைனர் கண்ணாடிபோல் வழவழத்துப் போனதாலோ வந்த குறைக்கு மட்டுமே அது மருந்து.

ரிங்குகளையும் வரிசைப்படி அடுக்கிப் பார்த்தோம். மேல் ரிங் மிக அதிகமாகத் தேய்ந்திருந்தது, அடுத்தது குறைவு, ஆயில் ரிங் ஓரளவு நன்றாகவே இருந்தது. இந்த வரிசை முக்கியம். தூசி காற்று வழியாக மேலிருந்து வந்தால் முதலில் மேல் ரிங்கைத் தின்னும். ஆயில் வழியாகக் கீழிருந்து வந்தால் ஆயில் ரிங்கும் பேரிங்குகளும்தான் முதலில் போகும். ஆக, எங்கள் இன்ஜினை அழித்தது வயதல்ல, புழுதி. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து மடக்கியபோது, கிளாம்ப் உட்காரும் இடத்துக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில், ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. குழாயின் உட்பக்கத்தை விரலால் துடைத்தால் செம்மண் ஒட்டியது. ஃபில்டரை எவ்வளவு ஒழுங்காக மாற்றியும் பயனில்லை. ஃபில்டருக்குப் பிறகு நுழையும் காற்றை எதுவும் வடிகட்டாது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், எதுவரை பிரிப்பது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பதே. உள்ளூர்ப் பயறு அறுவடையாகி வரும் காலம் மழை துளியும் இல்லாத காலம். கிளைப்பாதையில் முன்னே போகும் மாட்டு வண்டிகூடப் புழுதித் திரையை எழுப்பும். அந்தக் குழாயை மாற்றாமல் எத்தனை லட்சம் கியாட்டுக்கு (பர்மா நாணயம்) இன்ஜின் கட்டினாலும், புது லைனரும் அதே வேகத்தில் தேயும். காரணம் தெரியாமல் செய்யும் முழு ரீபில்டைவிட, காரணத்தை அடைத்துவிட்டுச் செய்யும் பாதி வேலை மேல் என்பது என் கருத்து. குழாய், கிளாம்ப், ஃபில்டர் பெட்டியின் ரப்பர் வளையம் மூன்றும் எங்கள் பட்டியலில் பிஸ்டனுக்கு முன்னால் எழுதப்பட்டன.

அடுத்தது அடிப்பகுதி. ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பேரிங்கின் அரைவட்டத் தகடுகளான ஷெல்களை எண் எழுதித் துணியின் மேல் வைத்தார்கள். எரிப்பின் அடி பிஸ்டனிலிருந்து கனெக்டிங் ராடு வழியாகக் கீழே வருவதால், ராடில் மேல் ஷெல்லும், கிராங்கை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் கீழ் ஷெல்லும்தான் சுமையைத் தாங்குகின்றன. பார்க்க வேண்டியவை அவை. ஷெல்லின் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும்வரை அதன் மெல்லிய மேற்படலம் உயிரோடு இருக்கிறது. படலம் தேய்ந்தால் அடியிலுள்ள செம்பு நிறம் தலைகாட்டும். எங்களுடையவற்றில் ராடு ஷெல்களில் இரண்டில் நடுவே செம்பு தெரிந்தது. மெயின் ஷெல்களில் மெல்லிய கோடுகள் மட்டுமே. பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் ஜர்னல்களில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் எதுவும் இல்லை. மைக்ரோமீட்டரை ஒவ்வொரு ஜர்னலிலும் இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பார்த்ததில் விட்டம் கையேட்டின் வரம்புக்குள் இருந்தது. முட்டை வடிவமும் இல்லை, ஒருபக்கச் சரிவும் இல்லை.

இங்கேதான் பட்டறையில் வாக்குவாதம் வந்தது. லாரிக்கு உரிமையாளரான மாமாவின் கருத்து, இன்ஜின் இவ்வளவு பிரிந்த பிறகு கிராங்கையும் கிரைண்டிங்குக்கு அனுப்பி, தேய்த்துச் சிறிதாக்கிய ஜர்னலுக்கு ஏற்ற 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக்கிவிட வேண்டும் என்பது. “அரைகுறையா விட்டா மறுபடி இறக்கணும், சயா” என்றார். சயா மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, “நல்லா இருக்கிறதைக் கெடுக்கக் காசு கொடுக்காதீங்க, அண்ணே” என்றார்.

நான் சயா பக்கம். கிராங்க் கிரைண்டிங்கைச் சுத்தம் செய்யும் வேலையாக நினைக்கக் கூடாது. அது உலோகத்தை எடுக்கும் வேலை. பேரிங்குகள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கின்றன. தேவையில்லாமல் ஒரு படி இறங்கினால் பின்னால் உண்மையாகவே தேவைப்படும்போது ஒரு படி குறைவாக இருக்கும். ஜர்னலும் கிராங்கின் கையும் சேரும் மூலையில் இருக்கும் வளைவைக் கிரைண்டிங் கல் சரியாக விட்டுவைக்காமல் கூராக்கிவிட்டால், விரிசல் அந்த மூலையிலிருந்துதான் தொடங்கும். சில கிராங்குகளின் கடினம், நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்கும் நைட்ரைடிங்கால் வந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. அதைக் கிரைண்ட் செய்தால் மறுபடி கடினமாக்க வேண்டும், அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. ஜப்பானியத் தொழிற்சாலையில் முடித்த ஜர்னல் அளவுக்குள் இருக்கும்போது, ஜெனரேட்டரில் ஓடும் நம் ஊர் மெஷின் அதைவிட நன்றாக முடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதே சமயம், ராடு ஷெல்களோடு இன்னும் நன்றாக இருந்த மெயின் ஷெல்களையும் மாற்றச் சொன்னேன். இது முரணாகத் தோன்றலாம். நான் எல்லையை வகுத்தது தேய்மானத்தை மட்டும் வைத்தல்ல. ஒரு பொருளை மறுபடி தொடுவதற்கு எவ்வளவு பிரிக்க வேண்டும், அது கெட்டால் தன்னோடு எதையெல்லாம் கெடுக்கும் என்ற இரண்டையும் சேர்த்து வைத்து. மெயின் ஷெல் செட் இந்த வேலையின் மொத்தச் செலவில் ஒரு சிறிய பங்கு. அது சுழன்று கிராங்கைக் கடித்தால் கிராங்கும் சில சமயம் பிளாக்கும் போகும். அதைத் தொட மறுபடி சம்ப்பை இறக்க வேண்டும். ஆகவே மாற்று. கிராங்க் அளவில் இருக்கிறது. தொட்டால் கெடுவதற்கு வாய்ப்பு கூடுகிறது. ஆகவே விடு. கேம் ஷாஃப்டும் டைமிங் கியர்களும் பார்வைக்கும் அளவுக்கும் சரியாக இருந்தன, விட்டோம். பின்பக்க ஆயில் சீல் ஒழுகவில்லை; ஆனால் இன்ஜின் கீழே இருக்கும்போது மாற்றுவது கை அசைவில் முடிகிற வேலை, பிறகு மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; மாற்றினோம்.

மேல்பாதியை இறுக்கினால் கீழ்ப்பாதி விட்டுக்கொடுக்கும் என்று ஓட்டுநர்கள் சொல்வது உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. கம்ப்ரஷன் திரும்பினால் பேரிங் மேல் விழும் சுமை ஓரளவு கூடும். இழுவை வந்த மகிழ்ச்சியில் மூட்டையும் கூடும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பேரிங் அதனால் போகாது. போனவை பெரும்பாலும் மேல்வேலை நடந்தபோது சம்ப்பைத் திறந்தே பார்க்காமல் விடப்பட்டவை.

ஜப்பானிலிருந்து வந்த பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்துவது இன்னொரு வழி. சில வண்டிகளுக்கு அது நியாயமான வழிதான்: பிளாக் வெடித்திருந்தால், ராடு உடைந்து சுவரைக் குத்தியிருந்தால், கிராங்க் கடைசிப் படியையும் தாண்டியிருந்தால். மற்றபடி அது, நமக்குத் தெரிந்த குறைகளைக் கொடுத்துவிட்டுத் தெரியாத குறைகளை வாங்குவது. உள்ளே பார்க்கவேண்டுமென்றால் அதையும் இதேபோல் ஹெட்டைக் கழற்றி அளக்க வேண்டும். விற்பவர் சம்மதிப்பது அரிது. பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண் எழுதப்பட்டிருப்பதால் அதற்கான அலுவலக வேலை தனி. டாலருக்கு 2,100 கியாட் என்று 2022 ஆகஸ்ட்டில் வைத்த அதிகாரபூர்வ விலைக்கும் சந்தையில் உண்மையில் கொடுக்க வேண்டியதற்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதால், இறக்குமதியாகும் எதற்கும் நேற்றைய விலை இன்று இல்லை. எங்கள் பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருந்ததால் இந்த யோசனை நீண்ட நேரம் நிற்கவில்லை.

ஓடும் பாதையும் கணக்கில் சேரும். எங்கள் லாரி ஓடுவது பெரும்பாலும் சமதரை. இதே இன்ஜின் மந்தலேயிலிருந்து லாசோ வழியாக மூசே போகும் வண்டியில் இருந்து, கோக்தேக் பள்ளத்தாக்கின் கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இரண்டாம் கியரில் ஏறுவதாக இருந்தால், ஹெட்டையும் ரேடியேட்டரையும் இன்னும் கறாராகப் பார்த்திருப்பேன். அங்கே இன்ஜின் மணிக்கணக்கில் முழுச் சுமையில் சூடேறும். வால்வு சீட்டுகளுக்கு இடையே வரும் மயிரிழை விரிசலை ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடும்’ என்று அங்கே விடக் கூடாது. எங்கள் ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்பியதில் விரிசல் இல்லை. ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் சீட் மட்டும் குழிந்திருந்தது. அந்தச் சீட்டை மாற்றி, எல்லா வால்வுகளையும் கிரைண்ட் செய்து, கைடும் சீலும் புதிதாகப் போட்டார்கள். ஹெட்டின் முகம் நேர்கோட்டுப் பட்டையில் சரியாக இருந்ததால் சீவவில்லை. பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்பதற்காகச் சீவினால் வால்வு பிஸ்டனை நெருங்கும். கேஸ்கட்டின் தடிமன் வரை கணக்கு மாறும்.

இன்ஜினை வண்டியிலேயே வைத்து லைனர் மாற்றலாமா என்பதையும் யோசித்தோம். தண்ணீர் நேரடியாகத் தொடும் ஈர லைனர் என்றால் அது வழக்கமாக நடப்பதுதான். 6டி16-இல் இருப்பவை உலர் லைனர். பிளாக்கின் துளைக்குள் இறுகி உட்காரும் மெல்லிய உருளைகள். சூடு லைனரிலிருந்து பிளாக்குக்குப் போக வேண்டுமென்றால் இரண்டும் முழுப் பரப்பிலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பழையதை எடுத்த பிறகு பிளாக்கின் துளையையும் அளந்து, சுத்தம் செய்து, நேராக அழுத்திச் செருக வேண்டும். வண்டியின் முன்பக்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல. அதோடு, தூசி தின்ற இன்ஜினின் ஆயில் துவாரங்களில் தங்கிய மண் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைப் போல வேலை செய்யும். அவற்றின் அடைப்புகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவ பிளாக் வெறுமையாக இருக்க வேண்டும். இன்ஜினை இறக்க முடிவு செய்தது இந்த இரண்டு காரணத்துக்காகத்தான், கிராங்குக்காக அல்ல. எங்கள் பக்கத்து வழக்கப்படி முனீஸ்வரருக்குச் சூடம் ஏற்றிவிட்டுச் சங்கிலியை மாட்டினார்கள்.

பொருள் வாங்குவதில் பிஸ்டன், ரிங், லைனர் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாகவே எடுத்தோம். பேரிங்குக்கு ஜப்பானிய டைஹோ. பெட்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. ஷெல்லின் தடிமனையும் பிஸ்டனின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் பார்த்த பிறகே பணம் கொடுத்தார் சயா. முதல் கடையில் காட்டிய செட்டில் இரண்டு பிஸ்டன்களின் எடை மற்றவற்றோடு ஒத்துவராததால் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயில் பம்பின் கியர் இடைவெளி வரம்புக்குள் இருந்தது. ஆயில் கூலரைப் பற்றி அவர் பேரம் பேசவே விடவில்லை: அதன் நுண்ணிய வழிகளில் பழைய மண்ணும் உலோகத் தூளும் தங்கியிருந்தால் புது பேரிங்குக்கு முதல் பரிசு அதுதான்; பிரித்துக் கழுவியே தீர வேண்டும். ரேடியேட்டரையும் பிரித்துக் குச்சி விட்டு, கிணற்றுத் தண்ணீர் விட்ட சுண்ணப் படிவை எடுத்தோம்.

பூட்டும்போது நான் பக்கத்தில் இருந்து பார்த்தது இரண்டே இடங்களில். லைனர்களின் தலை பிளாக் முகத்துக்கு மேலே எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை டயல் கேஜால் ஒவ்வொன்றாக எடுத்தபோது. அடுத்தடுத்த லைனர்களுக்கு இடையே வேறுபாடு இருந்தால் கேஸ்கட் அந்த இடத்தில்தான் முதலில் ஊதும். பிறகு, பேரிங் மூடியின் அடியில் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து இறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட்டபோது. கிராங்கை விட்டுவைத்தது சரியா என்பதற்கு அந்தப் பச்சை இழைதான் கடைசிச் சாட்சி. இடைவெளி எல்லா ஜர்னலிலும் வரம்பின் நடுவிலேயே விழுந்தது. மாமா அளவுத்தாளைத் தன் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டு விட்டுச் சுற்றினார்கள். முதல் நாளில் இன்ஜினை ஐடிலிங்கில் நீண்ட நேரம் ஓடவிடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. மென்மையாக நடத்துகிறோம் என்ற எண்ணம். உண்மையில் ரிங்கை லைனரோடு அழுத்துவது எரிப்பின் அழுத்தமே. சுமை இல்லாமல் ஓடினால் லைனரின் குறுக்குக் கோடுகளில் ஆயில் எரிந்து பளபளப்புப் படிந்து, ரிங் உட்காராமலே போய்விடும். சூடேறியதும் அரை பாரம் ஏற்றி, பெகுவிலிருந்து தைக்கூ பக்கமாகச் சாலையில் விட்டு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டச் சொன்னார் சயா. முழு பாரமும் முழு ஆக்ஸிலரேட்டரும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்றார். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து, ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். மெல்லிய சாம்பல் தூள் இருந்தது, செம்புத் துகள் இல்லை. வால்வு இடைவெளியும் அப்போதே மறுபடி சரிபார்க்கப்பட்டது. ப்ரீதர் குழாயில் இப்போது கையை வைத்தால் லேசான மூச்சு மட்டுமே தெரிகிறது.

தொடாமல் விட்டவற்றில் எனக்கு முழு நிம்மதி தராதது, இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் எஃப்.ஐ. பம்ப் மட்டும்தான். சோதனை பெஞ்சில் ஆறு வழிகளும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் தந்தன. ஆனால் அதிகபட்ச டீசலைக் கட்டுப்படுத்தும் திருகின் முத்திரையை முன்பே யாரோ உடைத்திருந்தார்கள். அதைப் பழைய அளவுக்குத் திருப்பி, புதிய முத்திரை வைத்தார்கள், டீசலைத் தள்ளும் பிளஞ்சர்களை மாற்றவில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடத் தொடங்கினாலோ, ஆயிலில் டீசல் வாடை வந்தாலோ, பம்பைக் கழற்றுவோம். அதற்குச் சில போல்ட்டும் ஆறு குழாயும் டைமிங் குறியும் போதும்; இன்ஜினைத் தொட வேண்டியதில்லை.